பின்னணிச் சரிபார்ப்பு எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும்

1992-ல் பேரிங்ஸ் வங்கி தன் ஊழியர் நிக் லீசனை லண்டனில் வர்த்தகராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. படிவத்தில் வழக்கமான ஒரு கேள்வி இருந்தது: கடன் பாக்கிக்காக உங்கள்மீது தீர்க்கப்படாத நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் உண்டா? லீசன் "இல்லை" என்று எழுதினார். ஒழுங்குமுறை அமைப்பு விசாரித்துப் பார்த்ததில் தீர்ப்பு இருந்தது. வங்கியிடம் விளக்கம் கேட்டார்கள். வங்கி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அதே ஆளை சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கே வர்த்தகப் பொறுப்பைக் கையில் கொடுத்தது. சிங்கப்பூர்ச் சந்தைக்கான விண்ணப்பத்திலும் அந்தக் கேள்விக்கு அதே பொய்ப் பதில்தான் போனது. இந்த முறை வங்கிக்கு உண்மை தெரியும், இருந்தும் வாய் திறக்கவில்லை.

1762-ல் தொடங்கிய அந்த வங்கி 1995 பிப்ரவரியில் 82.7 கோடி பவுண்டு நஷ்டத்தில் மூழ்கியது. டச்சு நிறுவனமான ஐஎன்ஜி அதை ஒரு பவுண்டு கொடுத்து வாங்கியது. நஷ்டத்தையெல்லாம் லீசன் 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் ஒளித்து வைத்திருந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த விண்ணப்பப் படிவம்தான் முக்கியமாகப் படுகிறது. ஒருவருக்குப் பழைய கடன் பாக்கி இருப்பது பெரிய விஷயமே இல்லை. கடன் வாங்காதவர் யார்? ஆனால் நேரடியாகக் கேட்ட கேள்விக்கு, எழுத்தில், கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னார் என்பது பணத்தைக் கையாளப் போகிறவரைப் பற்றிய மிக முக்கியமான தகவல். பின்னணிச் சரிபார்ப்பு தரக்கூடியதிலேயே மதிப்புள்ள தகவல் அதுதான். அது கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கவில்லை.

மோசடியையும் திருட்டையும் தடுக்கப் பின்னணிச் சரிபார்ப்பை நம்புகிற நிறுவனங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. நம்பலாம், தப்பில்லை. ஆனால் அது எந்த இடத்தில் வலுவானது, எந்த இடத்தில் குருடு என்று தெரியாமல் நம்பினால், செலவும் ஆகும், திருட்டும் நடக்கும்.

குற்றப் பதிவு ஏன் பெரும்பாலும் காலியாக இருக்கிறது

பின்னணிச் சரிபார்ப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல தனித்தனி வேலைகள் உண்டு. வந்திருப்பவர் அவர்தானா என்று பார்ப்பது ஒன்று. படித்ததாகச் சொல்வதைப் படித்தாரா, வேலை பார்த்ததாகச் சொன்ன இடத்தில் பார்த்தாரா, சொன்ன பதவியில் இருந்தாரா என்பதெல்லாம் இன்னொன்று. அப்புறம் போலீஸ், நீதிமன்றப் பதிவுகள். சில பணிகளுக்குத் தொழில் உரிமம், கடன் வரலாறு, அரசாங்கத் தடைப்பட்டியல்கள் என்று இன்னும் நீளும்.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குற்றப் பதிவுதான். "அவர்மீது கேஸ் எதுவும் இல்லையே?" என்று கேட்டு, இல்லை என்றதும் நிம்மதியாகிவிடுவார்கள். கையாடலைப் பொறுத்தவரை அந்த நிம்மதிக்கு அடிப்படை மிகக் குறைவு. மோசடிகளை ஆராயும் வல்லுநர்களின் சர்வதேசச் சங்கமான ஏசிஎஃப்இ, நிறுவனங்களுக்குள் நடந்த மோசடிகளைத் தொகுத்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. பிடிபட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் முன்பு மோசடிக்காகத் தண்டனை பெற்றவர்கள் இல்லை என்பதை அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வேலைக்குச் சேர்ந்த அன்று அவர்களுடைய பதிவைப் புரட்டியிருந்தால் வெள்ளைத் தாள்தான் கிடைத்திருக்கும்.

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, பலர் உண்மையிலேயே முதல் முறையாகத் திருடுகிறவர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது காரணம் பதிவுகள் உருவாகும் விதம். ஒரு திருட்டு குற்றப் பதிவாக மாற வேண்டுமானால் அது கண்டுபிடிக்கப்பட வேண்டும், புகார் கொடுக்கப்பட வேண்டும், வழக்காக வேண்டும், தண்டனையில் முடிய வேண்டும், அந்தத் தீர்ப்பு தேடுகிற இடத்தில் கிடைக்கவும் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நிறைய உதிர்ந்துவிடும்.

அதில் மிக அதிகமாக உதிர்வது புகார் கொடுக்கும் கட்டத்தில். ஒரு காசாளர் கல்லாவில் கை வைத்தது தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி என்ன நினைப்பார்? போலீஸுக்குப் போனால் நேரம் போகும், வக்கீல் செலவு, வாடிக்கையாளர்கள் காதுக்கு எட்டினால் பெயர் கெடும், வங்கி கேள்வி கேட்கும். அதனால் அறைக்குள் கூப்பிட்டு, எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு, ராஜினாமா எழுதிக் கொடு என்று முடித்துவிடுவார். காசாளர் கையில் முறையான விடுவிப்புக் கடிதம் இருக்கும். "எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்" என்ற வரிகூட இருக்கும். அடுத்த நிறுவனம் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கல்லாவில் உட்கார வைக்கும். அந்த முதலாளியின் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் தன் பிரச்சினையை அடுத்தவர் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதும் உண்மை.

வந்திருப்பவர் யார்

என்னைக் கேட்டால், முதலில் செய்ய வேண்டியதும், அதிகக் கவனம் கொடுக்க வேண்டியதும் அடையாளச் சரிபார்ப்புக்குத்தான். மற்ற எல்லாச் சோதனைகளும் அதன்மேல்தான் நிற்கின்றன. அடையாளம் தப்பென்றால், அதற்கப்புறம் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கையைத்தான் தோண்டுகிறோம்.

2024 ஜூலையில் நோபிஃபோர் என்ற அமெரிக்க நிறுவனம் தனக்கு நடந்ததைத் தானே வெளியே சொன்னது. மற்ற நிறுவனங்களின் ஊழியர்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதுதான் அவர்கள் தொழில். ஒரு மென்பொருள் பொறியாளரை வேலைக்கு எடுத்தார்கள். காணொளி வழியாக நான்கு முறை நேர்காணல் நடந்தது. விண்ணப்பத்தில் இருந்த புகைப்படத்தோடு முகம் பொருந்தியது. பின்னணிச் சரிபார்ப்பும் சுத்தமாக வந்தது. கணினியை அனுப்பி வைத்தார்கள். அது போய்ச் சேர்ந்ததுமே அதில் தீங்கு செய்யும் மென்பொருள் ஏற ஆரம்பித்தது. பாதுகாப்புக் குழு கவனித்து அரை மணி நேரத்துக்குள் அதைத் துண்டித்துவிட்டது. விசாரித்ததில், வேலைக்குச் சேர்ந்தவர் ஓர் அமெரிக்கக் குடிமகனின் திருடப்பட்ட அடையாளத்தில் வந்த வடகொரிய ஆள் என்று தெரிந்தது. புகைப்படம் செயற்கை நுண்ணறிவு கொண்டு மாற்றப்பட்டது. கணினி போய்ச் சேர்ந்த முகவரியும் இப்படிப்பட்ட கணினிகளை மொத்தமாக வாங்கி வைத்து, தூரத்திலிருந்து இயக்க வழி செய்து கொடுக்கும் இடம்.

இதில் சரிபார்ப்பு பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெயரில் உண்மையான ஒருவர் இருந்தார், அவருடைய வரலாறு சுத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பெயரையும் திரையில் தெரிந்த முகத்தையும் இணைக்கும் கண்ணி மட்டும்தான் போலி. சான்றிதழ் அசலா என்று பார்ப்பது ஒரு வேலை, சான்றிதழைக் கொண்டு வந்தவருக்குத்தான் அது சொந்தமா என்று பார்ப்பது வேறு வேலை. தொலைவிலிருந்தே வேலை பார்க்கும் காலத்தில் இந்த இரண்டாவது வேலைதான் விட்டுப்போகிறது.

செய்ய முடிந்தது என்ன? அசல் ஆவணத்தோடு ஒருமுறையாவது நேரில் வரச் சொல்வது. முடியாவிட்டால், நேரலைக் காணொளியில் ஆவணத்தைக் கையில் பிடித்துக் காட்டச் சொல்வது, முகத்தைத் திருப்பிக் காட்டச் சொல்வது. கடைசி நேரத்தில் "கணினியை வேறு முகவரிக்கு அனுப்புங்கள்" என்று கேட்டால் அங்கேயே நின்று விசாரிப்பது. சம்பளம் போகும் வங்கிக் கணக்கு அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. செலவு கம்மிதான், ஆனால் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும்.

பழைய நிறுவனத்துக்கு ஒரு போன்

முந்தைய வேலையைச் சரிபார்ப்பது பல இடங்களில் சடங்காகிவிட்டது. விண்ணப்பதாரர் கொடுத்த கடிதத்தை எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, "இவர் அங்கே வேலை பார்த்தாரா?" என்று கேட்டு, "ஆமாம்" என்ற பதிலைக் குறித்துக்கொள்வது. கடிதமே போலி என்றால் எண் மட்டும் எப்படி அசலாகும்? மறுமுனையில் பேசுவது விண்ணப்பதாரரின் நண்பராகவே இருக்கலாம். எண்ணை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்திலோ அரசுப் பதிவேட்டிலோ இருக்கும் பொது எண்ணில் கூப்பிட்டு, மனிதவளத் துறைக்கு இணைப்புக் கேட்பதுதான் சரியான வழி.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "2019 மார்ச் முதல் 2021 ஆகஸ்ட் வரை கணக்கு மேலாளராக இருந்தாராமே?" என்று நாமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், எதிரே இருப்பவருக்கு "ஆமாம்" சொல்வதைத் தவிர வேலை இல்லை. தேதிகளை அவர்கள் வாயிலிருந்து வரவிட வேண்டும். எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், என்ன பதவி, யாருக்குக் கீழே. அப்புறம் பணத்தைக் கையாளும் பதவி என்றால், அவர் எவ்வளவு தொகை வரை தனியாக அனுமதி கொடுக்க முடிந்தது என்று கேட்கலாம். கடைசியாக: "மறுபடி வாய்ப்பு வந்தால் இவரை எடுப்பீர்களா?"

அவதூறு வழக்குக்குப் பயந்து பல நிறுவனங்கள் தேதியையும் பதவியையும் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று விதி வைத்திருக்கின்றன. அதனால் மறுப்பு வந்தாலே அந்த ஆள் மோசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் தேதிகளே பல நேரம் போதுமானதைச் சொல்லிவிடும். வேலை மாறியவர்கள் மாதத்தை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் எழுதுவது சாதாரணம். "2018 – 2020, 2020 – 2023" என்று பார்க்கும்போது இடைவெளியே இல்லாத மாதிரி தெரியும். மாதத்தைக் கேட்டால், நடுவில் ஏழெட்டு மாதம் காணாமல் போயிருப்பது தெரியவரும். அந்த மாதங்களில் தாயாரைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். அல்லது மூன்று மாதத்தில் துரத்தப்பட்ட ஒரு வேலை அங்கே ஒளிந்திருக்கலாம். அவரிடமே கேளுங்கள். நேர்மையானவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் சரிபார்க்கக்கூடிய ஒன்றாக இருக்கும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர் சேர்க்கைத் துறையின் தலைவராக இருந்தவர் 2007-ல் பதவி விலகினார். அவர் குறிப்பிட்டிருந்த பட்டங்கள் எதையும் பெறவில்லை என்பது 28 ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தது. சேரும்போது ஒரு முறை பல்கலைக்கழகத்தைக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும், அப்புறம் பதவி உயர உயர எல்லோரும் முன்பே யாரோ பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்னொன்று: பட்டங்களை விற்கும் போலிப் பல்கலைக்கழகங்கள் சரிபார்ப்புக்கென்றே தனி எண்ணும் ஆளும் வைத்திருப்பதுண்டு. ஆகவே அந்தப் பல்கலைக்கழகத்தை அரசு அங்கீகரித்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தப்பான ஆளைக் குற்றவாளியாக்குவது

சரிபார்ப்பு நல்லவரையும் வதைக்கும். 2011-ல் அமெரிக்காவில் ஒருவர் கார் வாங்கப் போனார். விற்பனையாளர் அவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு விற்க முடியாது, நீங்கள் பயங்கரவாதிகள் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றார். அறிக்கை கொடுத்த டிரான்ஸ்யூனியன் நிறுவனம், அரசின் தடைப்பட்டியலோடு முதல் பெயரையும் குடும்பப் பெயரையும் மட்டும் ஒப்பிட்டிருந்தது. பிறந்த தேதியைக்கூடப் பார்க்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படி முத்திரை குத்தப்பட்டவர்கள் 8,185 பேர் என்று அதில் வந்தது. 2021-ல் வந்த தீர்ப்பு, அறிக்கை வெளியாருக்குப் போய்ச் சேர்ந்த 1,853 பேருக்கு மட்டுமே இழப்பீடு கேட்க உரிமை உண்டு என்றது.

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இதுதான் நடக்கும். ஒரே பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் எந்தச் சமூகத்திலும், ஒரே பெயரைப் பல விதமாக எழுதும் எந்த மொழியிலும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பெயர், பிறந்த தேதி, முகவரி, அடையாள எண் என்று குறைந்தது இரண்டு மூன்று விவரமாவது பொருந்தினால் ஒழிய ஒரு பதிவை ஒருவர் தலையில் கட்டக் கூடாது.

பொருந்தினாலும் முடிவெடுப்பதற்கு முன் அவரிடம் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 1970-ல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது: சரிபார்க்கும் முன் எழுத்துபூர்வமான சம்மதம் வாங்க வேண்டும், அறிக்கையை வைத்து வேலை மறுப்பதற்கு முன் அதன் பிரதியை அவருக்குக் கொடுத்து, தப்பிருந்தால் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள் குற்றத் தீர்ப்புகள் பற்றிய தகவலை யார் வேண்டுமானாலும் திரட்டி வைத்துக்கொள்ள விடுவதில்லை. பிரிட்டனில் 1974-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, குறிப்பிட்ட காலம் கடந்த பழைய தண்டனைகளைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, அறிக்கையை உரியவரிடம் காட்டிவிடுவது நிறுவனத்துக்கே லாபம். பல தப்புகள் அந்த ஒரு படியிலேயே களையப்பட்டுவிடும்.

பழைய தண்டனை உண்மையாகவே இருந்தால்? அது என்ன குற்றம், எத்தனை ஆண்டுக்கு முன், இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பார்க்க வேண்டும். இருபது வயதில் அடிதடி வழக்கில் மாட்டியவருக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. குற்றம் செய்தவர்கள் பல ஆண்டுகள் வேறு எதிலும் சிக்காமல் இருந்தால், அவர்கள் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட சமமாகக் குறைந்துவிடுகிறது என்று குற்றவியல் ஆய்வுகள் சொல்கின்றன. வாழ்நாள் முழுக்கக் கதவைச் சாத்துவது அநியாயம். அதனால் திருட்டும் குறையப் போவதில்லை. கடன் வரலாறும் இப்படித்தான். மருத்துவமனைச் செலவால் கடனில் விழுந்தவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்ப்பது கொடுமை. பெரிய தொகைகளைத் தனியாகக் கையாளும் பதவிகளுக்கு மட்டும் அதைப் பார்க்கலாம், அதிலும் அவரிடம் பேசிய பிறகுதான் எதையும் முடிவு செய்யலாம்.

சுத்தமான பதிவோடு உள்ளே இருப்பவர்

இப்போது அந்த முதல் காரணத்துக்கு வருவோம். சேர்ந்த அன்று நேர்மையாக இருந்தவர் பத்து ஆண்டு கழித்துத் திருடுகிறார். இதை எந்த நுழைவுச் சோதனையும் பிடிக்காது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்ஸன் என்ற சிறு நகரம். ரீட்டா கிரண்ட்வெல் பள்ளி மாணவியாக இருந்தபோதே நகராட்சியில் வேலைக்கு வந்தவர், 1983-ல் நகரத்தின் நிதிப் பொறுப்பாளரானார். ஊரே அவரை நம்பியது. 1990-ன் இறுதியில் நகராட்சிப் பெயரில், ஆனால் தான் மட்டுமே இயக்கும்படி, ஒரு வங்கிக் கணக்கைத் திறந்தார். மாநில அரசு அனுப்பியது போன்ற போலி இன்வாய்ஸ்களைத் தயாரித்து நகரத்தின் பணத்தை அந்தக் கணக்குக்கு மாற்றினார். 2012 ஏப்ரலில் கைதாகும் வரை போன தொகை 5 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல். அந்தப் பணத்தில் கண்காட்சிப் போட்டிக் குதிரைகளை நூற்றுக்கணக்கில் வளர்த்தார். நகரத்தில் சாலை போடப் பணமில்லை என்று அவரே கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எப்படிப் பிடிபட்டார்? 2011-ல் நீண்ட விடுப்பில் போயிருந்தார். அவர் வேலையைப் பார்த்துக்கொண்ட நகராட்சி எழுத்தர் வங்கியிடமிருந்து எல்லாக் கணக்கு அறிக்கைகளையும் கேட்டு வாங்கினார். யாருக்குமே தெரியாத ஒரு கணக்கு அதில் இருந்தது. அவர் மேயரிடம் போனார், மேயர் எஃப்பிஐயிடம் போனார். ஆண்டுதோறும் வந்து போன தணிக்கையாளர்கள் கண்ணில் படாதது, இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பட்டுவிட்டது.

1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டொனால்டு கிரெஸ்ஸி என்ற சமூகவியலாளர், நம்பி ஒப்படைத்த பணத்தை எடுத்ததற்காகச் சிறையில் இருந்தவர்களைச் சந்தித்துப் பேசினார். வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, பிடிபடாமல் தீர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு, "கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்" என்று மனசாட்சிக்குச் சொல்ல ஒரு சமாதானம் – இந்த மூன்றும் சேர்ந்தபோதுதான் அவர்கள் திருடத் தொடங்கியிருந்தார்கள். நெருக்கடியும் சமாதானமும் மனசுக்குள் இருப்பவை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் தெரியாது. வாய்ப்பு மட்டும்தான் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

ஆகவே சரிபார்ப்புக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கையாவது வாய்ப்பைக் குறைக்கச் செலவிடுவது நல்லது. பணம் கட்டுகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் வங்கி அறிக்கையோடு சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பேரிங்ஸில் லீசனிடம் வர்த்தகமும் இருந்தது, அதன் கணக்கை முடிக்கும் பொறுப்பும் இருந்தது. இரண்டையும் பிரிக்கச் சொல்லி வங்கியின் உள் தணிக்கையே 1994-ல் எழுதியது, யாரும் செய்யவில்லை. ஆளே குறைவான சிறிய அலுவலகம் என்றால், வங்கி அறிக்கை நேரடியாக உரிமையாளர் கைக்கு வரும்படி செய்தாலே போதும், பாதி வழி வந்த மாதிரிதான். அப்புறம் கட்டாய விடுப்பு. பணப் பொறுப்பில் இருப்பவர் ஆண்டில் இரண்டு வாரம் தொடர்ந்து விடுப்பில் போக வேண்டும், அந்த நாட்களில் அவர் வேலையை இன்னொருவர் முழுசாகப் பார்க்க வேண்டும். வங்கிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்புகள் இதை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றன. விடுப்பே எடுக்காமல் உழைக்கிறார் என்று பாராட்டப்படும் கணக்காளர்களில் பெரும்பாலானவர்கள் நிஜமாகவே உழைப்பாளிகள்தான். விடுப்புக் கட்டாயம் எல்லோருக்கும் பொது என்று வைத்தால் யாருடைய மனதும் புண்படாது.

ஏசிஎஃப்இயின் 2024 அறிக்கையில் உள்ள இன்னொரு தகவலும் இங்கே பொருந்தும். மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் கொடுத்த தகவலால் பிடிபட்டவை, அப்படித் தகவல் கொடுத்தவர்களில் பாதிக்கும் மேல் அங்கே வேலை பார்ப்பவர்கள். பக்கத்து மேசைக்காரருக்குத்தான் முதலில் தெரிகிறது. சொன்னால் தன் வேலைக்கு ஆபத்தில்லை என்று அவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு இருப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சப்ளையருக்கும் பின்னணி உண்டு

ஊழியரைத் துருவித் துருவி விசாரிக்கும் நிறுவனங்கள் சப்ளையரை ஒரு மின்னஞ்சலை நம்பிப் பட்டியலில் சேர்த்துக்கொள்கின்றன. 2013-க்கும் 2015-க்கும் இடையில் லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர், கூகுளும் ஃபேஸ்புக்கும் வழக்கமாக வன்பொருள் வாங்கும் தைவான் நிறுவனத்தின் பெயரிலேயே லாத்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். போலி இன்வாய்ஸ்களையும் ஒப்பந்தங்களையும் அனுப்பினார். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 10 கோடி டாலருக்கும் மேல் அவர் கணக்குகளுக்கு அனுப்பின. 2019 டிசம்பரில் அவருக்கு ஐந்தாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. உலகத்தின் தகவலையெல்லாம் கையில் வைத்திருப்பவர்களே பெயரைப் பார்த்து ஏமாந்தார்கள் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய சப்ளையர் என்றால் நிறுவனம் எப்போது பதிவானது, உரிமையாளர்கள் யார், வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகவரியும் தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் ஏதாவது ஊழியருடைய விவரத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட வேண்டும். உள்ளே இருப்பவரே ஆரம்பித்த நிழல் நிறுவனங்கள் இப்படித்தான் சிக்குகின்றன. பழைய சப்ளையர் "வங்கிக் கணக்கை மாற்றிவிட்டோம்" என்று எழுதினால், முன்பே நம்மிடம் இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு காசும் அனுப்பக் கூடாது.

பொறுப்பு மாறும்போதும் சரிபார்ப்பு தேவை. கிடங்கில் பெட்டி தூக்கச் சேர்ந்தவர் ஐந்து ஆண்டில் கொள்முதல் அதிகாரி ஆகலாம். அவர்மீது நடந்தது பெட்டி தூக்கும் வேலைக்கான சரிபார்ப்பு மட்டுமே. புதிய பொறுப்புக்கு ஏற்றதை, அவருக்குச் சொல்லிவிட்டு, சம்மதத்தோடு செய்யலாம். வேலைக்கு எடுக்காமல் விட்டவர்களின் ஆவணங்களைக் காலக்கெடு வைத்து அழித்துவிட வேண்டும். ஆயிரம் பேரின் அடையாளச் சான்றுகளும் வங்கி விவரங்களும் ஒரே கோப்புறையில் கிடந்தால், திருடனுக்கு அதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்?

ஒருவர் பணத்தை எடுத்தது தெரிந்து அனுப்புகிறோம் என்றால், அன்றே அவருடைய கடவுச்சொல், சாவி, வங்கிக் கையெழுத்து உரிமை எல்லாம் நிறுத்தப்பட வேண்டும். என்ன நடந்தது என்பதைத் தேதி, தொகை, வவுச்சர் எண்ணோடு எழுதி, அவருடைய விளக்கத்தையும் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். விடுவிப்புக் கடிதத்தில் இல்லாத புகழ்ச்சியை எழுத வேண்டாம், பணியில் இருந்த தேதிகள் போதும். ஆறு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்திலிருந்து போன் வரும், "மறுபடி வாய்ப்பு வந்தால் இவரை எடுப்பீர்களா?" என்று கேட்பார்கள். கோப்பு கையில் இருந்தால், வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்திருந்தால், "இல்லை" என்று பயமில்லாமல் சொல்லலாம்.